ஊர் கூடும் உரிமை

(தோட்டத் தொழிலாளர் குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இங்கிலாந்துக் கிராமங்களில் மக்கள் எப்படிக் கூடுகிறார்கள், எதற்காகக் கூடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். "துரைமார் ஊர்க் கதை நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். துரைமார் பிறந்த நாட்டிலும் கூலிக்குப் பாடுபட்டவர்கள் இருந்தார்கள், தோழர்களே! நான் சொல்ல வந்தது அவர்களுடைய கதை.

கோடை பிறந்துவிட்டால் அங்குள்ள கிராமங்களில் ஒரு சனிக்கிழமை விழா நடக்கும். புல்வெளியில் பந்தல் போடுவார்கள். ஒரு மேசையில் வீட்டில் சுட்ட கேக்குகள்; இன்னொன்றில் பழைய புத்தகங்கள்; பக்கத்தில் குலுக்குச் சீட்டு. ஒரு பக்கம் கயிறு இழுக்கும் போட்டி. கம்பத்தின் மேல் தேங்காயை வைத்து, பந்தெறிந்து விழுத்துகிறவனுக்கே அந்தத் தேங்காய் என்று ஒரு விளையாட்டு. நமக்குத் தேங்காய் அரிய பொருளல்ல; தென்னையே விளையாத குளிர்நாட்டில் அது பரிசுப் பொருள். வசூலாகும் பணம் கோயில் கூரைக்கோ, ஊர் மண்டபத்துக்கோ போய்ச் சேரும். இலையுதிர்காலத்தில் அறுவடை விருந்து, நவம்பர் 5-ஆம் நாள் சொக்கப்பனை, மார்கழிக் குளிரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டு என்று ஆண்டு முழுவதும் ஊர் கூடிக்கொண்டே இருக்கும்.

பார்ப்பதற்கு இவை வெறும் கேளிக்கையாகத் தோன்றும். ஆனால் இந்தக் கூட்டங்களை யார் கூட்டினார்கள், யார் பணத்தில் கூட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது.

முன்னாளில் அறுவடை முடிந்த இரவு, பண்ணை முதலாளி தம் ஆட்களுக்கு விருந்து போடுவார். இறைச்சியும் பீரும் தாராளமாக வரும். கூலியாட்கள் அந்த ஓர் இரவு மட்டும் எசமானோடு உட்கார்ந்து உண்டு, அவர் நலம் வாழ்க என்று பாடிக் குடிப்பார்கள். விடிந்தால் பழைய கூலி, பழைய குடிசை. அந்தக் குடிசையும் பெரும்பாலும் பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். லயத்தில் வாழ்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணை வீட்டில் குடியிருந்த இங்கிலாந்துத் தொழிலாளிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு 1976-இல்தான் கிடைத்தது.

எசமான் கூட்டினால் விருந்து. அதே ஆட்கள் தாங்களாகவே கூடினால் என்ன ஆயிற்று? டார்செட் மாவட்டத்தில் டோல்பட்டில் என்று ஒரு சிறு கிராமம். அங்கே பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்காக இருந்தது. அது 8 ஆயிற்று, 7 ஆயிற்று, 6 ஆக்கப் போவதாகவும் சொன்னார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்பவர் ஏர் உழும் தொழிலாளி. மெத்தடிஸ்டு சபையில் உபதேசமும் செய்பவர். அவரும் அவருடைய தோழர்களும் ஊர் நடுவே நின்ற சிக்கமோர் மரத்தடியில் கூடிப் பேசினார்கள். 1833-இல் சங்கம் அமைத்தார்கள். நுழைவுக்கு ஒரு ஷில்லிங், வாரச் சந்தா ஒரு பென்னி. தாமஸ் ஸ்டேண்ட்ஃபீல்டு என்பவர் வீட்டு மேலறையில் கூடி, ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

அப்போது சங்கம் வைப்பது குற்றமல்ல. அதைத் தடுத்த சட்டம் 1824-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதிகாரிகள் வேறொரு வழி தேடினார்கள். கடற்படைக் கலகத்தை அடக்க 1797-இல் செய்த சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834 பிப்ரவரியில் ஆறு பேரைப் பிடித்தார்கள். மார்ச் மாதம் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை! ஆறு பேரையும் கைதிக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய மனைவி மக்களுக்கு ஊர்த் தருமப் பணமும் மறுக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது மற்றத் தொழிலாளர்கள் திரட்டிக் கொடுத்த காசு.

அதே ஆண்டு ஏப்ரல் 21-இல் லண்டனில் தொழிலாளர் பெருந்திரளாக ஊர்வலம் வந்தார்கள். நாடெங்கும் மனுக்களில் கையொப்பம் குவிந்தது. 1836-இல் அரசாங்கம் முழு மன்னிப்பு அளித்தது. திரும்பி வந்தவர்களில் ஐவர் பின்னர் கனடாவில் குடியேறினார்கள். ஜேம்ஸ் ஹேமெட் என்பவர் மட்டுமே சொந்த ஊரில் வாழ்ந்து, 1891-இல் டார்செஸ்டர் ஏழையர் விடுதியில் உயிர் நீத்தார்.

தோழர்களே, இனி ஒரு செய்தி கேளுங்கள். 1894-இல் வந்த சட்டம் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத்தைக் கொடுத்தது. நிலம் இல்லாத உழைப்பாளியும் அதில் உறுப்பினராகலாம், பெண்களும் ஆகலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஊர்க் கூட்டம் நடக்க வேண்டும். இன்றைய சட்டப்படி, வாக்குரிமை உள்ள ஆறு பேர் சேர்ந்தால் அவர்களே ஊர்க் கூட்டத்தைக் கூட்டலாம். ஆறு பேர்! ஆறு பேர் கூடியதற்கு நாடு கடத்திய தேசத்தில், ஆறு பேர் அழைத்தால் ஊர் கூட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்த மாற்றம் எசமான் போட்ட விருந்தில் வந்ததா? இல்லை. மரத்தடியில் தொடங்கிய பாடு அறுபது ஆண்டுகள் நடந்து வந்து சேர்ந்த இடம் அது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 1897-இல் கனடாவில் கிராமத்துப் பெண்கள் மாதர் கழகம் ஒன்றை அமைத்தார்கள். 1915-இல், உலகப் போர் நடுவே, அந்த வழக்கம் பிரிட்டனுக்கு வந்தது. பண்ணைக்காரர் மனைவியும் கூலியாள் மனைவியும் ஒரே அறையில் மாதந்தோறும் கூடினார்கள். உணவைப் பாதுகாக்கக் கற்றார்கள்; கணக்கு எழுதவும் எழுந்து நின்று பேசவும் பழகினார்கள். போர் முடிந்தபின் பல ஊர்களில், மாண்டவர் நினைவாக மண்டபம் எழுப்பினார்கள். இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 ஊர் மண்டபங்கள் உண்டு. பெரும்பாலும் சம்பளம் வாங்காத குழுவினரே அவற்றை நடத்துகிறார்கள். சாவி வைத்திருக்கவும், தேநீர் போடவும், கூட்டம் முடிந்தபின் நாற்காலி அடுக்கவும் யாராவது முன்வர வேண்டும். முன்வர ஆளில்லாத ஊரில் மண்டபத்துக்குப் பூட்டு விழும். அந்தப் பூட்டைப் போட எந்த எசமானும் வர வேண்டியதில்லை. நம் சோம்பலே போதும்.

டோல்பட்டிலில் அந்த மரம் இன்னும் நிற்கிறது. 1934-இல், நூறாண்டு நிறைவின்போது, பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் அங்கே ஆறு வீடுகள் கட்டி, முதிய பண்ணைத் தொழிலாளர்களைக் குடியேற்றியது. ஆண்டுதோறும் ஜூலையில் அந்தச் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். சங்கக் கொடிகளும் வாத்தியங்களும் வீதியில் ஊர்வலம் வரும். ஹேமெட்டின் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். பிறகு பாட்டு, பேச்சு, பிள்ளைகளுக்கு விளையாட்டு, சாப்பாடு. துக்கத்தையும் திருவிழாவையும் ஒன்றாகச் சேர்த்து நடத்துகிறார்கள்.

ஆகவே, கூட்டம் என்றால் வெறும் பேச்சு என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஒன்றாக விருந்துண்டவர்கள்தான் ஒன்றாக நிற்கவும் துணிவார்கள். பிறர் போடும் விருந்துக்கு அழைப்பு வந்தால் போய் உண்ணுங்கள், குற்றமில்லை. ஆனால் நாமே சந்தா போட்டு, நாமே பாய் விரித்து, நாமே அழைக்கும் கூட்டத்துக்கு வராமல் இருக்காதீர்கள். வந்தவர்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். முடிந்ததும் நாற்காலியை அடுக்கிவிட்டுப் போங்கள்.