யார் கையெழுத்துப் போடுவது?



பண்ணையாள் காலத்தில் அப்பன் செத்தால் பிள்ளையை மாட்டுக்குப் பின்னால் அனுப்பிவிடுவார்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாடு மேய்த்த பையனின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை.

எங்கள் மாலை வகுப்புக்கு எட்டாவது படிக்கும் ஒரு பெண் வந்தாள். பெற்றோர் இருவரும் இல்லை, அம்மாச்சிதான் வளர்த்தார். சாதிச் சான்றிதழ் வேண்டும், அப்பாவின் சான்றைக் கொண்டு வா என்றார்கள். அவருடைய இறப்பையே யாரும் பதிவு செய்திருக்கவில்லை. மேட்டூர் திறந்து நடவு தொடங்கிய நேரம். அம்மாச்சி நான்கு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்தார். கூலி போன வீட்டில் சோறும் குறைந்தது. பெண் நடவுக்குப் போய்விட்டாள். படிப்பு வராததால் அல்ல, கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் நின்றாள்.

இதில் நம்மவர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தனியாகச் சேர்த்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சேரிப் பிள்ளை காகிதமின்றி இல்லத்துக்குள் போனால், ஆதிதிராவிடர் என்ற உரிமையை வாசலிலேயே இழந்துவிடக்கூடும். சாதியின் காயம் மட்டும் அதோடு கூடவே போகும். (இதைச் சொன்னால் சாதியைப் பிடித்துத் தொங்குகிறோம் என்பார்கள். சொல்லட்டும்.)

ஆகவே பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவதற்கு முன் உறவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்கிறோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி வைத்திருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் ஏழை அநாதைப் பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். எத்தனை அம்மாச்சிகளுக்கு இது தெரியும்? அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியது படித்த நாம்தானே?

அந்தப் பெண்ணின் மனுவை எழுதி முடிக்க எங்களுக்கே மூன்று முறை ஆயிற்று. முதலில் இறப்புப் பதிவு, பிறகு சாதிச் சான்று, அதன் பிறகுதான் மற்றது. இந்த வரிசை தெரியாமல் நாங்களும் அலைந்தோம். இடையில் ஓர் ஆண்டு போய்விட்டது. இப்போது அவள் ஒன்பதாவது படிக்கிறாள், தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு.

ஜூனில் பள்ளி திறக்கும். அதற்கு முன் உங்கள் தெருவில் தாத்தா, அம்மாச்சி, அத்தை வீட்டில் வளரும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேசைக்கு வந்துவிடுங்கள்.