மோட்டார் நுழையாத மலை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் போக்குவரத்து விதிகளைப் பற்றிப் பேச ஒருவர் வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. வரும் தைத் திங்களில் நம் சங்கத்தார் குடும்பங்களோடு மாதேரான் மலைக்குச் சுற்றுலா செல்வதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அம்முடிவு வெளியான நாள் முதலாக உறுப்பினர் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கார் எதுவரை போகும்?" இதற்கு விடை கூறப் புகுந்தால், ஓர் ஊர் தனக்கென வைத்துக்கொண்டுள்ள விதியையும், அவ்விதியால் நன்மை பெற்றவர் யார், சுமை சுமந்தவர் யார் என்பதையும் சேர்த்தே கூற வேண்டியுள்ளது. ஆகவே அதனையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம்.

கல்யாணிலிருந்து கர்ஜத் நோக்கிச் செல்லும் மின்வண்டியில் ஏறினால், இடைவழியில் நேரல் என்னும் நிலையம் வரும். அதன் அருகே சுமார் 800 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பதே மாதேரான் மலை. மராத்தியில் 'மாத்தே' என்றால் நெற்றி, 'ரான்' என்றால் காடு. நெற்றியில் காடு சூடிய மலை என்று பொருள் கொள்ளலாம். 1850ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த மாலெட் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டு, கோடை வாழிடமாக்க வழி செய்தார். இன்று இது ராய்கட் மாவட்டத்தில், தனக்கென ஒரு சிறு நகராட்சியுடன் விளங்குகிறது.

இனி, கேட்ட கேள்விக்கு விடை கூறுவோம். கார் தஸ்தூரி நாகா வரை போகும்; அதற்கப்பால் போகாது. அங்குள்ள நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு, நுழைவு வரி செலுத்தி, உள்ளே செல்ல வேண்டும். அமைச்சர் வந்தாலும் அடியார் வந்தாலும் விதி ஒன்றே. நோயாளரை ஏற்றும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்குமே விலக்கு உண்டு. நெடுங்காலமாக நிலவிய இவ்வழக்கத்துக்கு, மைய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை வலுவூட்டியது. மாதேரானும் அதனைச் சூழ்ந்த பகுதியும் அவ்வறிவிக்கையால் சூழல் கூருணர்வு மண்டலம் ஆயின.

'சாலை பொதுச் சொத்தாயிற்றே. வண்டியைத் தடுக்க இவர்கள் யார்?' என்று வினவுவோரும் உளர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே இதற்கு விடை தருகிறது. அதன் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகியவற்றைக் கருதி, குறிப்பிட்ட பகுதியிலோ சாலையிலோ வண்டிகள் செல்வதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. வண்டிகள் நிற்கும் இடங்களை வரையறுக்க 117ஆம் பிரிவு இடம் தருகிறது. நாடு முழுமைக்கும் சட்டம் ஒன்றாயினும், ஊருக்கு ஊர் மண் வேறு, வழி வேறு. ஆதலின் ஊருக்கேற்ற விதி வேண்டும் என்பதைச் சட்டம் வகுத்தோர் உணர்ந்தே இருந்தனர்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கோடையில் கட்டுக்கடங்காமல் வண்டிகள் ஏறியதால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் மின்னணு அனுமதிச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. அங்கே வண்டிகளை எண்ணிக் கணக்கிட்டு விடுகிறார்கள். மாதேரானில் வாயிலிலேயே நிறுத்தி விடுகிறார்கள். முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

இவ்விதியால் மலைக்குக் கிடைத்த நன்மையை அங்குச் சென்றோர் நன்கறிவர். செம்மண் பாதையில் ஊதுகுழல் ஓசை இல்லை, புகை இல்லை. தாயின் கையை உதறிவிட்டுக் குழந்தை ஓடினாலும் எந்தச் சக்கரத்தடியில் விழுமோ என்ற அச்சம் இல்லை. மும்பை மாநகரின் அருகே இத்தகைய ஓர் இடம் எஞ்சியிருப்பது இவ்விதி ஒன்றினாலேயே எனின் மிகையாகாது.

விதி ஒன்றைத் தடுக்கும்போது வேறொன்றைத் தருதல் வேண்டும். அவ்வாறு வந்த முதற்கொடை, இருப்புப்பாதைத் துறையைச் சேர்ந்த நம்மவர் பலருக்கும் பெருமை தருவது. 1907ஆம் ஆண்டில் நேரலிலிருந்து மாதேரானுக்கு, இரண்டடி அகலமே உள்ள சிறு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சர் ஆதம்ஜி பீர்பாய் பொருள் தர, அவருடைய மகனார் அப்துல் உசேன் இதனை முன்னின்று அமைத்தார். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவு, மலையை வளைந்து வளைந்து ஏறுகிறது அவ்வண்டி. இயற்கையோ அவ்வப்போது சீறாமல் இல்லை. 2005ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பாதை சிதைந்தது. மீண்டும் 2019ஆம் ஆண்டு மழையில் அரிப்புண்டு நின்ற நேரல் பகுதி, 2022 அக்டோபரில்தான் மறுபடி திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து வண்டி ஏறுவதில்லை. தஸ்தூரிக்கு அருகிலுள்ள அமன்லாட்ஜ் நிலையத்துக்கும் மாதேரானுக்கும் இடையிலுள்ள சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கே ஓட்டம் உண்டு.

இத்தகைய சிறுவண்டி எத்தனை பேரைச் சுமக்கும்? எஞ்சியோர் நடந்தனர், குதிரை ஏறினர், அன்றேல் கைரிக்‌ஷாவில் அமர்ந்தனர். ஈண்டு அன்பர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம். மோட்டார் போகாத ஊரிலும் அரிசி மூட்டை போக வேண்டும். அடுப்பு எரிவாயு உருளை போக வேண்டும். நடக்கவியலாத முதியவரும் போக வேண்டும். மோட்டாரைத் தடுத்தோம் என்று நாம் மகிழ்ந்திருந்த காலமெல்லாம், அது சுமந்திருக்க வேண்டிய சுமையைக் குதிரையின் முதுகும் மனிதனின் தோளும் சுமந்தன. ஒருவர் முன்னின்று இழுக்க, ஏற்றத்தில் மற்றவர் பின்னின்று தள்ள, கொட்டும் மழையிலும் வழுக்கும் செம்மண்ணிலும் அவ்வண்டிகள் சென்றன. அமர்ந்திருந்தவர் தூய காற்றை உண்டார். இழுத்தவர்க்கோ மூச்சு விடவே நேரமில்லை. ஊர்ப் பிள்ளைகளும் பள்ளிக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தனர்.

இழுப்போர் தரப்பிலிருந்தே, 'எங்களுக்கு மின்கலத்தால் ஓடும் ரிக்‌ஷா வேண்டும்' என்ற கோரிக்கை எழுந்தது. மின்ரிக்‌ஷாவும் மோட்டார் வண்டியே என்பதால் விதி குறுக்கே நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 மே மாதத்தில் அந்நீதிமன்றம் சோதனை முறையில் மின்ரிக்‌ஷாக்களை இயக்க இசைவு தந்தது. அவ்வாண்டு டிசம்பரில் 7 வண்டிகளுடன் சோதனை தொடங்கிற்று. பின்னர், 2024 ஏப்ரலில், 20 வண்டிகள் வரை இயக்கலாம், அவையும் கைவண்டி இழுத்தவர்க்கே தரப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

இதற்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குதிரை வைத்துப் பிழைப்போர் தம் வருவாய் குன்றும் என அஞ்சி நீதிமன்றத்தை அணுகினர். பாதையில் கட்டை பதித்தால், இன்று மின்ரிக்‌ஷா, நாளை கார் என்று மலையே கெட்டுவிடும் என்று இயற்கையன்பர் வருந்தினர். இவ்விரு அச்சங்களையும் நாம் எள்ளி ஒதுக்குதல் முறையன்று. முன்னவரின் கவலை வயிற்றைப் பற்றியது. பின்னவரின் கவலை வருங்காலத்தைப் பற்றியது.

2025 ஆகஸ்டு 6ஆம் நாள், தலைமை நீதிபதியாயிருந்த பி.ஆர். கவாய் அவர்கள் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கம் மாந்தர் மாண்புக்கு ஒவ்வாதது. அரசியல் சட்டம் உறுதியளித்த சமூக நீதிக்கும் பொருளாதார நீதிக்கும் முரணானது என்று கூறி, ஆறு மாதத்துக்குள் கைரிக்‌ஷாவைப் படிப்படியாக நிறுத்துமாறு மராட்டிய அரசுக்கு ஆணையிட்டது. அதனோடு நின்றிருந்தால் அது பாதி நீதியாகவே முடிந்திருக்கும். உண்மையாக இழுத்தவர்களை இனங்கண்டு அவர்க்கு மின்ரிக்‌ஷா அளிக்க வேண்டும். குஜராத்தின் கேவடியாவில் நடைபெறுவதுபோல் வண்டிகளை அரசே வாங்கி வாடகைக்குத் தரலாம். பணமில்லை என்று கைவிரிக்கலாகாது என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. தஸ்தூரி நாகாவிலிருந்து சிவாஜி சிலை வரையுள்ள முதன்மை வழியில் கட்டை பதிக்க இசைந்து, உட்பாதைகளில் அது கூடாது எனவும் எல்லை வரைந்தது. மலையின் அமைதியும் காக்கப்பட வேண்டும், மனிதனின் மானமும் காக்கப்பட வேண்டும் என்பதே இதன் சாரம்.

தமிழராகிய நமக்கு இது புதிய செய்தியன்று. 1973ஆம் ஆண்டில், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, தமிழக அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தது. ஒழித்ததோடு அமையாமல் இழுத்தவர்க்குச் சைக்கிள் ரிக்‌ஷாவும் வழங்கியது. இதுதான் நாம் கருத வேண்டிய நுட்பம். பழைய வண்டியைப் பறித்த கை, புதிய வண்டியையும் நீட்டியது.

நீட்டத் தவறினால் என்னவாகும் என்பதற்குப் பஞ்சாப் ஒரு சான்று. சொந்தமாக ரிக்‌ஷா வைத்து ஓட்டுபவர்க்கே உரிமம் என்று அம்மாநிலம் 1975ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. வாடகைக்கு வண்டி விட்டுச் சுரண்டுவோரை ஒழிப்பதே நோக்கம். நோக்கம் நன்று, ஆனால் வண்டி வாங்கப் பணமில்லாத ஏழைத் தொழிலாளர் வேலையிழந்து தெருவில் நிற்கும் நிலை வந்தது. 1980ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்டத்தை வீழ்த்தாமலே, தொழிலாளர் வங்கிக் கடன் பெற்று வண்டிக்கு உரிமையாளராக வழி வகுத்தார். மாதேரான் தீர்ப்பும் அவ்வழக்கை நினைவுகூர்ந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் விளங்குவது ஒன்று. ஒரு விதி எதைத் தடுக்கிறது என்று மட்டும் பார்த்தல் போதாது. தடுத்ததனால் எழும் சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்றும் பார்த்தல் வேண்டும். சுமையை ஏழையின் தோளில் ஏற்றிவிட்டு, 'எங்கள் ஊர் தூய ஊர்' என்று பெருமை பேசுவது தகாது. அதற்காக விதியையே தகர்த்தெறிவதும் அறிவுடைமை ஆகாது. விதி நிற்க வேண்டும். சுமை இறங்க வேண்டும்.

இக்கருத்து மலைக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் தெருவைப் பாருங்கள். நடைபாதையில் ஒருவர் தம் இருசக்கர வண்டியை நிறுத்துகிறார். அவர்க்கு நான்கு அடி நடை மிச்சம். அவ்வழியே வரும் முதியவரோ நடுத்தெருவில் இறங்கி, பேருந்துக்கும் லாரிக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒருவர் மிச்சப்படுத்திய நடை மற்றொருவர்க்கு ஆபத்தாக முடிகிறது. பிறர்க்கு ஆபத்தோ இடையூறோ நேரும் வண்ணம் பொது இடத்தில் வண்டியை விடலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு கூறுகிறது. காவலர் காணும்போது மட்டும் அஞ்சுவது சட்டத்துக்குப் பணிவதாகாது. இம்மண்டபத்து வாயிலில் வண்டி நிறுத்திய அன்பர்களும், ஆம்புலன்சு ஒன்று வந்தால் செல்ல வழி உண்டா என்று ஒருமுறை பார்த்து வர வேண்டுகிறோம். இதில் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இனிச் சுற்றுலாவுக்கு வருவோம். கூடுமானவரை அனைவரும் மின்வண்டியிலேயே நேரல் வரை செல்வோம். காரில் வருவோர் தஸ்தூரியில் நிறுத்துவதற்கு உரிய கட்டணத்தையும், ஊருக்குரிய நுழைவு வரியையும் முணுமுணுக்காமல் செலுத்துவோம். அம்மலையின் குப்பையை அள்ளுவதும் பாதையைப் பேணுவதும் வெறும் வாழ்த்துரையால் நடப்பன அல்ல. நடக்கவல்லவர் நடப்போம். சிறுவண்டியிலும் மின்ரிக்‌ஷாவிலும் உள்ள இடத்தை முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்க்கும் விட்டுக்கொடுப்போம். குதிரைக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் கூலியை முன்னரே பேசி, பேசியதைக் குறையாமல் கொடுப்போம். பத்து ரூபாய்க்கு வாதாடி வென்று, விடுதியில் நூறு ரூபாயை வீசி எறியும் பழக்கம் நமக்கு வேண்டா.

பிறந்த மண்ணை விட்டு வந்து மராட்டிய மண்ணில் வாழ்கின்றோம். இம்மண் நமக்குச் சோறிட்டது. நம் மொழி பேச மேடையும் தந்தது. வந்த ஊரின் விதியை நம் ஊரின் விதியாகக் கருதி நடப்பதே நாம் செலுத்தத்தக்க நன்றி. 'தமிழர் வந்தார்கள், வழியை அடைக்காமல், யாரையும் வருத்தாமல் சென்றார்கள்' என்று மாதேரான் மக்கள் சொன்னால், அதுவே நம் சங்கத்துக்கு நல்ல பெயராகும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!