இல்லத்தில் அமைதி

 

அருள்மிகு பூலாநந்தீசுவரப் பெருமான் சிவகாமியம்மையோடு எழுந்தருளியிருக்கும் இச் சின்னமனூர்த் திருக்கோயிலில், திருவிழாவை முன்னிட்டு நாயன்மார் சரிதம் ஒன்றைச் சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். "வீட்டிலே நிம்மதி இல்லை, அதற்கொரு வழி சொல்லுங்கள்" என்று தாய்மார் சிலர் கேட்டனர். இரண்டு வேண்டுகோளுக்கும் விடையாகத் திருநீலகண்ட நாயனார் சரிதத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

அமைதிக்கென்றே அமைந்தது போன்றது இக் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்றிசையில் மலைத்தொடர். 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே இப்பக்கம் திரும்பிய நாள்தொட்டு, வயலும் தென்னந்தோப்பும் குளிர்ந்து கிடக்கின்றன. திராட்சைப் பந்தலின் கீழே சித்திரை வெயிலும் தணிந்துவிடுகின்றது. ஊர் இவ்வாறு குளிர்ந்திருக்க, வீட்டின் உள்ளே மட்டும் வெப்பம் ஏன்?

சத்தந்தான் காரணம் என்பர் சிலர். அதிலும் உண்மை உண்டு. ஒரே கூடத்தில் தொலைக்காட்சி ஒரு பக்கம் அலற, கைப்பேசி மறுபக்கம் பாட, நடுவே பிள்ளை பாடம் படிக்கின்றது. பிறரைச் சொல்வானேன்? யாம் பேசும் இப் பேச்சே நான்கு தெருவுக்கு ஒலிபெருக்கியில் கேட்கின்றது. தேர்வுக்குப் படிக்கும் குழந்தை எம்மை வாழ்த்துமோ வையுமோ, அறியோம். விழாக் குழுவினர் ஒலியைச் சற்றே குறைத்தால் பெருமான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் சத்தம் நின்றுவிட்டால் அமைதி வந்துவிடுமா? இங்கேதான் தில்லைக் குயவனாரை நினைக்க வேண்டும்.

அவர் சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளிப்பதையே தொண்டாகக் கொண்டவர். நஞ்சுண்டு கறுத்த இறைவன் கண்டத்தை எண்ணி எண்ணி, "திருநீலகண்டம்" என்று ஓயாது ஓதியவர். அத்தகையவரும் இளமை மயக்கத்தால் ஒருநாள் பரத்தை ஒருத்தியிடம் சென்று மீண்டார். மனைவியார் அறிந்தார். கூச்சலிட்டாரா? இல்லை. தாய்வீட்டுக்குச் சென்றாரா? அதுவும் இல்லை. சோறு சமைத்தார், மனைப் பணி யாவும் குறைவறச் செய்தார். கணவர் அருகில் வந்து தீண்ட முற்பட்டபோது மட்டும், தம்மைத் தொடலாகாது என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். அவர் தம்மைப் பன்மையில் குறித்தமையால், பெண்குலம் முழுவதையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார்.

அன்றுமுதல் ஒரே கூரையின் கீழ் இருவரும் வாழ்ந்தனர். அயலார் ஒருவரும் அறியவில்லை. இளமை கழிந்தது, முதுமை வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதைவிட அமைதியான வீடு தில்லையில் உண்டோ? சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆயினும் அன்பர்களே, அவ்வீட்டை அமைதியான வீடு என்று நீங்கள் சொல்வீர்களா? நாயனாரின் உறுதியை வியக்கின்றோம். அம்மையாரின் மானத்தைக் கைகூப்பி வணங்குகின்றோம். ஆனால் அவ்வீட்டின் மோனம், ஆறாத புண்ணின் மேல் மூடிய துணி.

இறைவனுக்கும் அது பொறுக்கவில்லை. சிவயோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்துக் காத்துவைக்கச் சொன்னார். நெடுநாள் கழித்து வந்து கேட்டபோது, வைத்த இடத்தில் அதைக் காணவில்லை, மறைத்தவரும் அவரே. புதிய ஓடு தருகின்றேன் என்றார் நாயனார். யோகியார் ஏற்கவில்லை. திருடவில்லை என்பது மெய்யானால் மகனின் கைபற்றிக் குளத்தில் மூழ்கு என்றார். மகன் இல்லை. ஆயின் மனைவியின் கைபற்றி மூழ்கு என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் சென்றது. அவ்வாறே மூழ்குக என்று அவையும் தீர்த்தது. மூங்கில் தண்டு ஒன்றின் இரு முனைகளைப் பற்றியபடி இருவரும் திருப்புலீச்சரத்துக் குளத்தில் இறங்கினர். யோகியார் விடவில்லை, கையைப் பற்று என்றார்.

அப்போதுதான் நாயனார் வாய் திறந்தார். அத்தனை ஆண்டும் நாலு சுவருக்குள் அடைபட்டிருந்ததை, தம் பிழையை, ஊரார் அனைவரும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு மூழ்கினார். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். கற்றோர் இதற்குப் பலவாறு பொருள் உரைப்பர். யாம் காண்பது, சொன்ன பிறகே இளமை திரும்பியது என்பதை.

இன்றைய வீடுகளிலும் அந்த மூங்கில் தண்டு கிடக்கின்றது. கணவன் ஒரு முனை, மனைவி ஒரு முனை. "அப்பாவிடம் சொல்லு, சோறு ஆறுகிறது" என்று பிள்ளையைத் தண்டாக நீட்டுகின்ற வீடுகளை நீங்கள் அறிவீர்கள். குடியும் கடனும் மறைக்கப்படும் வீடுகளில் தண்டு இன்னும் நீளம். பிழை செய்தவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். அம்மையார் கேட்டு வாங்கவில்லை, நாயனாரே சொன்னார்.

இவ்வூர்ப் பெருமானை "அளவுக்கு அளவானவர்" என்று நம் முன்னோர் போற்றினர். நெடியவர் வந்தால் நெடியவராயும், குறியவர் வந்தால் குறியவராயும் காட்சி தருவார் என்பது இத்தலத்து நம்பிக்கை. அப் பெருமானைத் தொழுது வீடு சென்றதும், ஆறு வயதுக் குழந்தை ஏதோ சொல்ல வந்தால் நிமிர்ந்து நின்று அதட்டுகின்றோமே, இது தகுமா? குனிந்து கேட்டால் நம் உயரம் குறைந்துவிடுமா?

இன்னொன்றையும் ஆடவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்பகுதித் தாய்மார் பலர் விடியலுக்கு முன்னரே எழுந்து, சமைத்து, தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பொழுது சாயத் திரும்புகின்றனர். வந்தவுடன் அடுப்பையும் மூட்ட வேண்டும், விளக்கையும் ஏற்ற வேண்டும், முகத்தில் அமைதியையும் காட்ட வேண்டும் என்றால் எவ்வாறு இயலும்? இல்லத்தின் அமைதி இல்லாள் ஒருத்தியின் கடமை என்று எச் சைவநூலும் கூறக் காணோம்.

ஆகவே மாலையில் வீட்டில் இருக்கும் ஆடவர் கைகால் கழுவித் திருநீறு பூசி, தாமே விளக்கை ஏற்றுங்கள். ஏற்றுமுன் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைப்பேசிகளைச் சிறிது நேரம் மாடத்தில் வையுங்கள். அஞ்செழுத்தை வாய்விட்டு ஓதியபின், அனைவரும் விளக்கின் முன் சற்றே அமருங்கள். அப்போது எவரேனும் எதையேனும் சொல்ல வாயெடுத்தால், முடிக்கும் வரை குறுக்கிடாதீர்கள். மலையிலிருந்து வந்தவளுக்கு முதலில் ஒரு செம்பு வெந்நீர் கொடுங்கள்.

மணி ஒலிக்கின்றது; தீபாராதனைக்கு நேரமாயிற்று. தாய்மார்களுக்கு வழிவிட்டு, ஆடவர் ஒருபுறமாக நின்று தரிசிப்பீர்களாக.

திருச்சிற்றம்பலம்.