பெரியவர்களைப் பேணுவது ஒரு வீட்டின் வேலை மட்டுமல்ல

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





பொன்விழாவில் முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொருத்தமான தலைப்புதான். சங்கம் தொடங்கியபோது இருபது வயதில் நாற்காலி தூக்கிப் போட்டவர்களுக்கு இன்று எழுபது வயது. 2030ஆம் ஆண்டில் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ இருப்பார்.

"பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வெளியாரிடம் உதவி கேட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பெற்றோரைப் பேணுவது நம் கடமை. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தச் சுமை பெரும்பாலும் ஒரே ஒருவர் தோளில் விழுகிறது. அது மகளாக இருக்கும், அல்லது மருமகளாக இருக்கும். அவர் வேலையை விடுகிறார், தூக்கத்தை இழக்கிறார், கடைசியில் அவரே நோயாளி ஆகிறார். உதவி கேட்பது கடமையைக் கைவிடுவதாகாது. கடமையைக் கடைசிவரை செய்வதற்கு அதுதான் வழி.

ஒருங்கிணைந்த பராமரிப்பு என்றால் என்ன? ஒரு பெரியவர் நீரிழிவுக்குப் பலதுறை மருந்தகம் போகிறார், கண்ணுக்கு மருத்துவமனை, முழங்காலுக்கு இன்னோர் இடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மருந்துப் பை. பசியின்மை, மறதி, தனிமை இவையெல்லாம் யார் கணக்கிலும் வருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நடை, நினைவாற்றல், பார்வை, செவிப்புலன், சத்துணவு, மனநிலை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. பராமரிப்பவருக்கும் ஆதரவு தேவை என்கிறது.

சிங்கப்பூரில் இவற்றை இணைப்பதற்காக 2009இல் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு ஏற்பட்டது. வீட்டுக்கு வரும் தாதிமை, பகல்நேரப் பராமரிப்பு, நிதியுதவி என எதற்கும் அங்கே வழி கேட்கலாம். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது நிரந்தரமாக உதவி தேவைப்படுவோருக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து இல்லப் பராமரிப்பு மானியம் உண்டு. 2023 மார்ச்சில் அது மாதம் 400 வெள்ளி வரை உயர்ந்தது. வீவக புளோக்குகளுக்குக் கீழேயே துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் இருக்கின்றன.

இருந்தும் நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள். "தமிழ் பேச ஆள் இருக்குமா? ஹலால் சாப்பாடா? லுஹர் தொழ இடம் உண்டா?" நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் தேடித் தருவது சங்கத்தின் வேலை.

நான் கடை நடத்துபவன். வாராவாரம் அரிசி வாங்க வரும் பெரியவர் வராவிட்டால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஜும்ஆவில் வழக்கமாக முதல் வரிசையில் உட்காருபவர் இல்லையென்றால் பள்ளிவாசலில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு யார் போய்ப் பார்ப்பது என்பதற்குத்தான் நம்மிடம் ஏற்பாடு இல்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, 70 வயதைத் தாண்டிய உறுப்பினர்களின் பட்டியலைப் பேட்டை வாரியாக எடுப்போம். தனியாக இருப்பவர்களை முதலில் குறிப்போம். இரண்டு, பக்கத்து நிலையத்துக்கு முதல் இரண்டு முறை ஓர் இளைஞர் துணைக்குப் போகட்டும். மொழிக்கும் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் அங்கே பேசி ஏற்பாடு செய்யட்டும். மூன்று, வாரம் ஒரு பிற்பகல் பராமரிப்பவருக்கு ஓய்வு கொடுப்போம். அந்த நேரம் நம் தொண்டர் பெரியவரோடு இருக்கட்டும்.

இதற்குக் கட்டடம் வேண்டாம். பெரிய நிதி வேண்டாம். ஒரு பதிவேடும் இருபது பேரும் போதும். வாசல் மேசையில் அந்தப் பதிவேடு இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.

நம் பெரியவர்களுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.