மோட்டார் கேபிளுக்கு எந்த அளவு பைப்?

போர்வெல் மோட்டாரிலிருந்து ஸ்டார்டர் பெட்டிக்கு வரும் பட்டைக் கேபிளைச் சின்ன பைப்பில் திணித்து இழுப்பதைப் பார்த்திருப்பீங்க. ஆபத்து அங்கேதான். இழுக்கும்போது மேலுறை கிழிந்தால், ஈரத்தில் மின்சாரம் கசியும். தொட்டவர் உயிரே போகலாம்.

பைப் வாங்கும் முன் கேபிளின் அகலத்தை அளந்து, செல்போன் கால்குலேட்டரில் 1.6-ஆல் பெருக்குங்க. அகலம் 16 மி.மீ. என்றால் விடை 25.6 மி.மீ. பைப்பின் உள்விட்டம் இதற்குக் குறையக் கூடாது. அப்போதுதான் உள்ளே குறைந்தது 60 சதவீதம் இடம் காலியாக இருக்கும். கடையில் 25 மி.மீ. பைப் என்று சொல்வது வெளிவிட்டம். அது பத்தாது, 32 கேளுங்க. இந்தக் கணக்கு ஒரு பைப்பில் ஒரு கேபிளுக்கு மட்டும்.

ஏற்கெனவே திணித்திருந்தால் நீங்களே இழுத்துப் பார்க்காதீங்க. மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.