எதிரே இருப்பவர் பேசும்போது

பட்டம் வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளே, அவர்களுக்காக ஆலங்குடியிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே,

புதுக்கோட்டையில் நின்றுகொண்டு ஒரு சினிமா நடிகரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், நீங்கள் இரண்டு பெயர்களில் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். ஒருவர் பி.யு. சின்னப்பா. 1916இல் இந்த ஊரில் பிறந்து, 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்து, 1951இல் 35 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டவர். சம்பாதித்ததையெல்லாம் இங்கே வீடுகளாக வாங்கிக் குவித்ததால், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொருவர் 1920இல் இங்கே பிறந்த ஜெமினி கணேசன். இருவரும் கதாநாயகர்கள். நான் பேச வந்திருப்பவர் கதாநாயகர் அல்ல, உங்கள் ஊர்க்காரரும் அல்ல. டி.எஸ். பாலையா, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்தவர். 1936 முதல் 1972இல் இறக்கும்வரை, திரையில் யாராவது ஒருவருக்குப் பக்கத்திலோ எதிரிலோ நின்றவர்.

வெளியூர்க்காரரை இங்கே எதற்கு இழுக்கிறேன் என்றால், சின்னப்பாவுக்கும் முன்பே இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் பக்கவாத்தியக்காரர்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவர் மாரியப்பத் தவில்காரர். மாமுண்டியா பிள்ளையிடமிருந்து வந்தவர் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பாடுகிறவர் வேறு யாரோ. அந்தப் பாட்டை நிமிர்த்தியவர்கள் இவர்கள். பாலையாவைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. எஸ்டேட் முதலாளி விசுவநாதன் வேடம் பாலையாவுக்கு. மகன் செல்லப்பாவாக நாகேஷ். படம் எடுக்கிறேன் என்று அப்பாவிடம் பணம் பிடுங்கப் பார்க்கும் பிள்ளை. பணம் போடுகிறவருக்குக் கதை சொல்லியாக வேண்டுமே. அவன் சொல்கிற பேய்க்கதையில் கதையே கிடையாது, இருட்டும் ஓசையும்தான். கதவு, காற்று, காலடி எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவுக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. அவர் செய்வது ஒரே ஒரு காரியம்: கேட்கிறார்.

எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் முதலாளியின் மிதப்பு, ‘சொல், பார்க்கலாம்’ என்பது போல. அப்புறம் ஒரு சின்ன ஆர்வம். பிறகு சந்தேகம். அதற்கப்புறம் பயம், அந்தப் பயத்தை மகன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்கிற இன்னொரு பயம். கண்ணும் கன்னமும் உட்கார்ந்திருக்கும் உடம்பும் ஒவ்வொரு ஓசைக்கும் தனித்தனியாக விடை சொல்கின்றன. நாகேஷ் சினிமாவுக்கு வந்து அப்போது ஐந்தாறு ஆண்டுதான் ஆகியிருந்தது. பாலையா 28 ஆண்டு பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் நினைத்திருந்தால் ஒரு செருமலில் அந்தக் காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். இழுக்கவில்லை. பயந்தார். அவர் பயந்ததால்தான் நாகேஷ் சொன்னது கதை ஆயிற்று.

இதே படத்தை 1966இல் இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார்கள். கதை சொன்ன மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கேட்டவர் ஓம் பிரகாஷ். விருதுக் குழுவை நான் குறை சொல்லவில்லை. பேசுகிறவர் பக்கம் கண் போவது இயற்கை. இப்போதுகூடப் பாருங்கள், மைக் என்னிடம் இருப்பதால் நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். பின் வரிசையில் சிலர் என் பேச்சைக் கேட்பது போல் நடிப்பதும் எனக்குத் தெரிகிறது; அந்த நடிப்பில் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

துணை நடிகர்களைக் கணக்கில் எடுக்க உலகத்துக்கே நேரம் பிடித்தது. ஆஸ்காரில் அவர்களுக்கென்று விருது வந்ததே 1936ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். பாலையா திரைக்கு வந்ததும் அதே 1936. முதல் விருதை வாங்கியவர் வால்டர் பிரென்னன். பிறகு 1938, 1940 படங்களுக்கும் வாங்கினார். குதிரையும் துப்பாக்கியுமாக வரும் படங்களில் ஜான் வெயினுக்குப் பக்கத்தில் நொண்டியபடி, முணுமுணுத்தபடி வருவாரே, அந்தக் கிழவர். ‘ரெட் ரிவர்’ படத்தில் தன் பொய்ப்பல்லைச் சூதாட்டத்தில் தோற்கிற சமையல்காரரும் அவர்தான். ஒரு வேடிக்கை: அந்த ஆண்டுகளில் கதாநாயகனுக்குத்தான் பொன்சிலை. துணை நடிகருக்கு ஒரு தகட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். நம் நாட்டில் அந்தத் தகடும் இல்லை. தேசிய விருதில் துணை நடிகருக்கு இடம் கிடைத்தது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. பாலையா இறந்து அப்போது பன்னிரண்டு வருஷம்.

சரி, இந்தக் கேட்கும் வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். எனக்கு வேறொரு ஊகமும் உண்டு. அவருடைய முதல் படம் ‘சதிலீலாவதி’. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்கு அதில் சின்னப் போலீஸ் வேடம். கதாநாயகனைக் குடிக்கப் பழக்கிக் குட்டிச்சுவராக்கும் வில்லனாகப் பாலையா. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. நடிகர் சொல்லும் வசனத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியாத ஒருவர் காமிராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நன்று’ என்றோ ‘இன்னொரு முறை’ என்றோ சொல்கிறார். எதை வைத்துச் சொல்லியிருப்பார்? முகத்தை வைத்துத்தான். அதிலும், வசனம் இல்லாத நேரத்து முகத்தை வைத்து. அடுத்த ஆண்டு ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி ருத்ரசேனனாகப் பாலையா நின்றபோதும் இயக்கியவர் டங்கன்தான்.

அதற்கப்புறம் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். 1949இல் அண்ணா கதை எழுதிய ‘வேலைக்காரி’யில் நண்பன் மணி, அந்தப் படத்தில் ஊரே மனப்பாடம் செய்த அறிவுரை கதாநாயகன் கே.ஆர். ராமசாமிக்கு இந்த மணி சொன்னதுதான். ‘பாகப்பிரிவினை’யில் எஸ்.வி. சுப்பையாவுக்கு அண்ணன். ‘பாமா விஜய’த்தில் மூன்று பிள்ளைகளின் அப்பா. வில்லனில் தொடங்கி, நண்பனாகி, அண்ணனாகி, அப்பாவாக முடிந்தார். வயசாக வயசாக வேடம் சுருங்கவில்லை, அகலமாயிற்று.

1965இன் ‘திருவிளையாட’லில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். ஹேமநாத பாகவதர் பாண்டிய நாட்டையே பாட்டால் வெல்ல வருகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, செருக்கு முழுக்கப் பாலையாவுடையது. அந்தச் செருக்கு உடைவது போட்டி மேடையில் அல்ல. இரவில், திண்ணையில் ஒரு விறகு வெட்டி பாடுகிறான். வீட்டுக்குள்ளிருந்து இவர் கேட்கிறார். பாட்டு முடியும்போது ஹேமநாதர் தோற்றாயிற்று. மறுநாள் போட்டியே தேவைப்படவில்லை. அந்தப் பாட்டில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் சிவாஜியே பல உருவில் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதிது அல்ல. 1944இல் ‘ஜகதலப்பிரதாப’னில் சின்னப்பா அதே காமிரா வித்தையைச் செய்துவிட்டார், பாடினதும் அவர், வாசித்ததும் அவர். ஆனால் இத்தனை சிவாஜிகளும் சேர்ந்தாலும் அந்தப் பாட்டு தெய்வப் பாட்டு என்று நம்மை நம்ப வைக்க முடியாது. அதற்குத் தன் கர்வத்தைத் தொலைத்துக்கொண்டு கேட்கும் ஒரு வித்வான் வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். சிவாஜி நடித்த நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்குவாகப் பாலையா. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனத்துக்குச் சிவாஜி கன்னத்தை உப்புவதைப் பற்றி எல்லாரும் பேசுவோம். பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். நாயனம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காதால் முன்கூட்டியே பிடித்துவிட்டவரின் தலை அது. மாரியப்பத் தவில்காரரின் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களில் சிலர் வங்கிக்குப் போவீர்கள், சிலர் ஆஸ்பத்திரிக்கு, பலர் வகுப்பறைக்கு. ஒருவராவது கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவீர்கள். கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் ஆத்தா மனுவோடு வருவார். கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார். மருமகன் வருவான், அவன் குடிப்பது வரும், கஜா புயலில் சாய்ந்த தென்னை வரும், செத்துப்போன கொழுந்தன் வருவார். சர்வே நம்பர் கடைசியில்தான் வரும். ‘விஷயத்துக்கு வாங்க பாட்டி’ என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டால் மனுவுக்கு ஒரு ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். பட்டா ஏன் இன்னும் மாறவில்லை என்பதற்கான காரணம் அந்தக் கொழுந்தனிடம் இருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஆத்தா தைரியமாக அதையும் சொல்லிவிடுவார். பயந்துகொண்டிருக்கும் ஒருவரைச் சரளமாகப் பேச வைப்பது எதிரில் இருப்பவரின் முகம். பாலையா நாகேஷுக்குக் கொடுத்தது அதைத்தான்.

தங்கப் பதக்கம் வாங்கப்போகிறவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் சிரமமாக இருக்கும். விடை தெரிந்தவருக்குக் கேள்வி முடியும்வரை காத்திருப்பது கஷ்டம். வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஒரு வேலை மட்டும் கொடுத்துவிட்டு நான் உட்காருகிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பேய்க்கதைக் காட்சியை செல்போனில் தேடி எடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, டங்கன் பார்த்த மாதிரி பாருங்கள். முதல் தடவை கண் நாகேஷ் பக்கம்தான் போகும், போகட்டும். இரண்டாம் தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வசனம் மனப்பாடம். ஒலி இல்லாவிட்டாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.