ஆளில்லா மலை விற்பனைக்கு

(நில உரிமை குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்டேட் என்றதும் நமக்கு வால்பாறையும் நீலகிரியும் தேயிலையும்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருக்கும் எஸ்டேட் வேறு. நில உடைமை வரலாற்றில் ஆய்வு செய்து வருகிறேன். ஸ்காட்லாந்தின் எஸ்டேட் விற்பனைக் கையேடுகளை வாசிப்பது அந்த ஆய்வில் ஒரு பகுதி.

இந்தக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நடுவில் ஒரு மாளிகை. சுற்றிலும் பல ஆயிரம் ஏக்கர் மலை, காடு, ஆறு. பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை. அதன்பின் கணக்கு வரும். ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை ஆண் மான்களைச் சுடலாம், எத்தனை ஜோடி க்ரௌஸ் பறவை விழும், ஆற்றில் எத்தனை சால்மன் மீன் சிக்கும் என்று போட்டிருப்பார்கள். மலையின் விலையை நிர்ணயிப்பதில் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. வேட்டைதான் அங்கே 'ஸ்போர்ட்'.

கடைசிப் பக்கங்களில் சிறு வீடுகள் வரும். வேட்டைக் காவலரின் வீடு, மேய்ப்பரின் வீடு, குத்தகை விவசாயியின் வீடு. இவற்றில் பல, வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடுகள். வேலை போனால் வீடும் போய்விடும். மாளிகைக்கு எத்தனை அறை என்று சொல்லும் கையேடு, இந்த வீடுகளில் இருப்பவர்களை ஒரு வரியில் கடந்துவிடும். சில எஸ்டேட்டுகள் விளம்பரமே இல்லாமல் கைமாறுகின்றன. அப்போது ஊருக்குத் தகவல் தெரிவது விற்று முடிந்த பிறகுதான்.

எல்லாக் கையேடுகளும் பெருமையோடு சொல்வது ஒன்றுண்டு: தனிமை, ஆளரவமற்ற அழகு. என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. இந்த மலையில் ஆள் இல்லாமல் போனது எப்படி?

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் வட பகுதியில் நிலப்பிரபுக்கள் குடியானவர்களை வெளியேற்றினார்கள். மனிதர் தரும் வாரத்தைவிட ஆட்டுப்பண்ணை தரும் குத்தகை அதிகம் என்பதுதான் காரணம். 1814இல் சதர்லாந்து எஸ்டேட்டின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளை இடித்துக் கொளுத்தி மக்களைக் கடற்கரைக்குத் துரத்தினார்கள். அதை முன்னின்று நடத்திய நிர்வாகி பாட்ரிக் செல்லர். காலியான அந்த நிலத்தை ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகை எடுத்ததும் அவரேதான். 1816இல் அவர்மீது வழக்கு நடந்தது. நில உடைமையாளர்கள் அமர்ந்திருந்த நடுவர் குழு அவரை விடுவித்தது.

இந்த நிலங்களை வாங்கவும் பெருக்கவும் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கரீபியத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் உழைப்பிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி நம் பக்கமிருந்து போனது. ஈவான்டன் என்ற ஊருக்கு மேலே ஃபைரிஷ் மலை உச்சியில் ஒரு கல் வளைவு நிற்கிறது. அது நாகப்பட்டினம் கோட்டை வாயிலின் மாதிரி என்கிறார்கள். கட்டியவர் நோவார் எஸ்டேட்டின் சர் ஹெக்டர் மன்றோ. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த படைத்தளபதி அவர். அதே மன்றோவின் கில்டர்மோரி நிலம்தான் ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1792இல் அந்த வட்டார மக்கள் திரண்டு ஆடுகளை ஓட்டிச் சென்றார்கள். ராணுவம் வந்து அவர்களை அடக்கியது. நாகப்பட்டினத்தைப் பிடித்தவரின் சொந்த ஊரிலேயே குடியானவர்கள் பட்ட பாடு இது.

பிறகு ஆட்டு ரோமத்தின் விலை சரிந்தது. வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிலத்தைத் திருப்பித் தரவில்லை. மானை விட்டார்கள். விக்டோரியா அரசியின் குடும்பம் 1852இல் பால்மோரலை விலைக்கு வாங்கியது. அதன்பின் ஸ்காட்லாந்தில் ஒரு வேட்டை மாளிகை வைத்திருப்பது பணக்காரர்களுக்குக் கௌரவமானது. ஆக, கையேடு 'இயற்கை' என்று விற்கும் அந்த வெறுமை, நோட்டீஸும் தீயும் கொண்டு உண்டாக்கப்பட்டது.

இதை மக்கள் கேள்வி கேட்காமல் விடவில்லை. 1992இல் அஸின்ட் பகுதியின் வடக்கு லோகின்வர் எஸ்டேட்டை வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் திவாலானது. நிலத்தை ஏழு துண்டுகளாக்கி விற்பனைக்கு விட்டார்கள். மனிதரே இந்த நிலக்காட்சிக்கு அந்நியர் என்ற தொனியில் கையேட்டில் எழுதியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே சிறு நிலங்களில் பாடுபட்ட கிராஃப்டர் குடும்பங்கள் உயிரோடு அங்கேயே இருக்கும்போதுதான் இப்படி எழுதினார்கள்!

அவர்கள் கூடிப் பேசினார்கள், நன்கொடை திரட்டினார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கிராஃப்டருக்கும் தன் துண்டு நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமை தந்திருந்தது. வேறு யாருக்காவது விற்றால் ஆளாளுக்கு அந்த உரிமையைப் பயன்படுத்துவோம் என்றார்கள். அப்படிச் செய்தால் வாங்குபவர் கையில் எஸ்டேட் என்று என்ன மிஞ்சும்? 1993 பிப்ரவரியில் சுமார் 21,000 ஏக்கர் 3 லட்சம் பவுண்டுக்கு அவர்களுடைய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1997இல் எய்க் தீவு மக்கள் 15 லட்சம் பவுண்டு திரட்டித் தங்கள் தீவை மீட்டார்கள். 2008இல் காற்று, நீர், சூரிய ஒளியிலிருந்து தங்களுக்கான மின்சாரத்தைத் தாங்களே எடுக்கத் தொடங்கினார்கள்.

இந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில் 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. முன்கூட்டிப் பதிவு செய்துகொண்ட ஊர்ச் சமூகத்துக்கு, நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமை உண்டு. மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. விலை சந்தை விலைதான். உடைமையாளர் விற்க நினைத்தால்தான் இந்தக் கதவு திறக்கும். தனியார் வசமுள்ள ஊரக நிலத்தில் பாதி வெறும் 432 உடைமையாளர்களிடம் இருப்பதாக 2010களில் ஒரு மதிப்பீடு வந்தது. ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு அங்கே இல்லை. இப்போது மரம் நட்டுக் கார்பன் கணக்குக் காட்ட விரும்பும் முதலீட்டாளர்களும் வாங்க வருகிறார்கள். விலை இன்னும் ஏறினால் ஊர் மக்கள் எதை வைத்து வாங்குவார்கள்?

பிறர் நிலத்தைத் திருடியவரிடமே காசு கொடுத்து அதை மீட்பதா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அஸின்ட் மக்களுக்கும் அது தெரியாததல்ல. ஆனால் அடுத்த எசமானுக்காகக் காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை.

நமக்குத் தெரிந்த சாதி அங்கே இல்லை. அங்கேயும், நிலம் யாருடையதோ அவருடைய சொல்தான் ஊரில் செல்லும். யாருக்கு வீடு, யாருக்கு வேலை, பள்ளிக்கூடம் நடக்கப் பிள்ளைகள் இருப்பார்களா என்பதெல்லாம் அவர் கையில். இதை முதலில் மாற்றியவர்கள், விற்பனைப் பட்டியலில் ஒரு வரியாக இருக்க மறுத்து, வாங்குபவராக எழுந்து நின்ற சாதாரண மனிதர்கள். அழகான ஆளில்லாத மலையின் படத்தை இனி எங்கே பார்த்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?